கடல்கோளும் ஸ்மோங்கும்

எங்கேனும் பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்து, தொலைக்காட்சியில் இடிபாடுகளின் காட்சிகள் ஓடத் தொடங்கியதும், நண்பர்கள் வட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். நிலவுக்கு விண்கலம் அனுப்பத் தெரிந்த அறிவியலுக்கு இதை முன்கூட்டியே சொல்லத் தெரியாதா? ஆதங்கமும் சிறிது குற்றச்சாட்டும் கலந்த கேள்வி. நேர்மையான பதில் ஒன்றுதான்: தெரியாது. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன அளவில் நிலம் நடுங்கும் என்று கணித்துச் சொல்லும் வழி இன்றுவரை எவரிடமும் இல்லை.

ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாள் குறிக்க முடியாது என்பதால் எதுவுமே சொல்ல முடியாது என்று ஆகிவிடாது. இந்த நிலம் இதற்கு முன் என்ன செய்திருக்கிறது, எத்தனை முறை செய்திருக்கிறது, எவ்வளவு பெரிதாகச் செய்யக்கூடியது என்ற கேள்விகளுக்கு விடை உண்டு. அந்த விடையைத் தேடிச் சேற்றிலும் புதரிலும் கடலோரத்திலும் ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் கள நிலவியலாளர்கள். அவர்கள் கண்டறிந்தவை சில இடங்களில் பேரழிவுக்கு முன்பே கையில் இருந்தன. போய்ச் சேர வேண்டியவர்களிடம் அவை போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பது அறிவியலைப் பற்றிய கேள்வி மட்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. மொழியைப் பற்றிய கேள்வியும் கூட. இலக்கிய வாசகர்கள் கூடும் இந்த இடத்தில் இதை எழுதத் துணிவதற்கு அதுவே காரணம்.

முதலில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்போம். நவீன நிலநடுக்கமானிகள் புழக்கத்துக்கு வந்து சுமார் நூற்று நாற்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன. பெரும் நிலநடுக்கங்களோ ஓர் இடத்தில் நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவை. கருவிகளின் நினைவு அவ்வளவு தூரம் போகாது. எழுதப்பட்ட வரலாறும் பல நாடுகளில் போகாது. எஞ்சியிருப்பது மண்தான்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடகிழக்கே, சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் பாலட் க்ரீக் என்று ஒரு சிற்றோடை இருக்கிறது. 1970களில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கெர்ரி ஸீ அங்கே பள்ளம் தோண்டினார். ஒரு காலத்தில் சதுப்பாக இருந்த இடம் அது. மக்கிய தாவரங்களாலான கறுப்பு மண்ணும், வெள்ளம் கொண்டுவந்த வெளிர்மணலும் மாறி மாறி அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. பிளவு அந்த அடுக்குகளை ஊடறுத்து மேலேறி, ஒரு குறிப்பிட்ட அடுக்கில் வந்து நின்றுவிடும். அதற்கு மேலுள்ள அடுக்கு முறியாமல் கிடக்கும். அப்படியென்றால் கீழடுக்கு படிந்த பின்னும் மேலடுக்கு படிவதற்கு முன்னும் நிலம் அங்கே பிளந்திருக்கிறது. கறுப்பு மண்ணில் உள்ள கரிமத்தைக் கொண்டு கார்பன்-14 முறையில் காலம் கணிக்கலாம். இப்படிப் படித்துப் படித்து, எழுத்து வரலாறே இல்லாத அந்த இடத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்களின் வரிசையை அவர் மீட்டெடுத்தார். கடைசியாக அங்கே பெரும் நடுக்கம் வந்தது 1857இல். பின்னர் செம்மைப்படுத்திய கணக்கில், அவை சராசரியாக 130 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் வந்திருக்கின்றன. ஆனால் கடிகாரம்போல் வரவில்லை. சில அடுத்தடுத்து வந்து, பிறகு நீண்ட காலம் அமைதி நிலவியிருக்கிறது.

சுவடிப் பதிப்பைப் பற்றிப் படித்திருக்கும் வாசகர்களுக்கு இந்த வேலை அந்நியமாக இராது. ஏடு சிதைந்திருக்கும், இடையில் சில ஏடுகள் இராது, ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் கிடைக்கும், ஒரு பிரதியை மட்டும் நம்பினால் தவறிழைப்போம். ஒரு பள்ளத்தை மட்டும் நம்பும் நிலவியலாளரும் அப்படித்தான். அவர் பத்து இடங்களில் தோண்டி ஒப்பிட்டுப் பார்க்கிறார். இதில் அவசரத்துக்கு இடமில்லை. பெரும்பாலும் புகழும் இல்லை.

இதே கெர்ரி ஸீ பின்னாளில் சுமத்ராவுக்குச் சென்றார். அங்கே தோண்டுவதற்குச் சதுப்பு தேவைப்படவில்லை. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் சுமத்ராவுக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகளும் உரசும் இடம் பூட்டிக்கொண்டு கிடக்கையில், மேல்தட்டின் விளிம்பும் அதன் மேலுள்ள தீவுகளும் கீழ்நோக்கி இழுபடுகின்றன. பூட்டு விடுபடும் நாளில் அவை சட்டென்று மேலெழுகின்றன. அதுவே பெரும் நிலநடுக்கம். இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து எழுதி வைத்திருப்பது பவளம்.

ஆழமற்ற கடலில் வளரும் சில பவளங்கள் தாழ்ந்த ஓதத்தின் நீர்மட்டத்துக்கு மேல் வளர முடியாது. வெயில் பட்டால் அந்தப் பகுதி இறந்துவிடும். ஆகவே அவை பக்கவாட்டில் வட்டமாக விரிகின்றன. தீவு மெல்ல அமிழும்போது நீர்மட்டம் உயர்வதால் பவளத்தின் வெளிவிளிம்பு மேல்நோக்கி வளர்ந்து கிண்ணம்போல் ஆகும். தீவு திடீரென்று உயர்ந்தால் மேற்பகுதி செத்துப்போய், நீருக்குள் இருக்கும் கீழ்விளிம்பு மட்டும் தொடர்ந்து வளர்ந்து, அகலமான விளிம்பு வைத்த தொப்பியின் உருவத்தை அடையும். மரத்தைப்போலவே பவளத்துக்கும் ஆண்டு வளையங்கள் உண்டு. கெர்ரி ஸீயும், இந்தோனேசிய நிலவியலாளரான டானி நடவிஜயாவும், அவர்களது குழுவினரும் ஓதம் தாழும் நேரம் பார்த்துப் படகுகளில் சென்று, சங்கிலி ரம்பத்தால் இந்தப் பவளங்களிலிருந்து மெல்லிய பலகைகளாக அறுத்தெடுத்தனர். எக்ஸ்-ரே படத்தில் வளையங்களை எண்ணினர். யுரேனியம்-தோரியம் முறையில் காலத்தைச் சரிபார்த்தனர்.

பவளத்தில் இருந்தது இது: சுமத்ராவின் மேற்கே உள்ள மென்தாவாய்த் தீவுகளின் அடியில் 1797இலும் 1833இலும் மாபெரும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்திருக்கின்றன. 1833இல் சில இடங்களில் தீவு இரண்டு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. அதற்கு முன்னும் இத்தகைய தொகுதிகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்திருக்கின்றன. 1833க்குப் பின் தீவுகள் மறுபடியும் அமிழ்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அடுத்த முறை நெருங்குகிறது என்று கொள்ள இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை.

இந்த இடத்தில் அந்தக் குழுவினர் செய்த ஒரு காரியத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 2004 ஜூலையில் மென்தாவாய்த் தீவுகளுக்குச் சுவரொட்டிகளையும் துண்டுப் பிரசுரங்களையும் எடுத்துச் சென்று விநியோகித்தனர். உங்கள் தீவு ஏன் அமிழ்கிறது, ஒருநாள் என்ன நடக்கும், அப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்களிடம் நேரில் பேசினர். களப்பணிக்கு நடுவே, களத்தில் குடியிருப்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை தமக்கு உண்டு என்று நினைத்திருக்கிறார்கள்.

ஐந்து மாதங்கள் கழித்து, 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, பூட்டு விடுபட்டது. ஆனால் அவர்கள் சுவரொட்டி ஒட்டிய இடத்தில் விடுபடவில்லை. பல நூறு கிலோமீட்டர் வடக்கே, சிமலூ தீவுக்கு அருகே தொடங்கி அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. அளவு 9.1. பதினான்கு நாடுகளில் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தோனேசியாவில் மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. நமது நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

இதை வைத்து, பார், விஞ்ஞானிகள் இடத்தைத் தவறவிட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்வது அநியாயம். அவர்கள் படித்தது மென்தாவாய்ப் பகுதியின் பவளங்களை. வடபகுதியின் ஏடுகள் அப்போது திறக்கப்படவே இல்லை. 2004க்குப் பிறகே அங்கே தோண்டினார்கள். தாய்லாந்தின் ப்ரா தோங் தீவில் புல்வெளிக்கு அடியில், 2004இன் மணற்படிவத்துக்குக் கீழே, அதேபோன்ற பழைய மணற்படிவங்கள் கிடைத்தன. அவற்றுள் 2004க்கு முந்தையது ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. சுமத்ராவின் ஆச்சே கரையிலும் இதற்கு இணையான படிவம் கிடைத்தது. இவ்விரு ஆய்வுகளும் 2008இல் வெளியாயின. ஒரு மண்வெட்டியும் சில நாட்களும் ஒரு காலக்கணிப்புக் கூடமும் போதும் என்ற நிலையில், 2004க்கு முன் அந்தப் புல்வெளியை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. இந்த எண்ணம் என்னை இன்றும் தொந்தரவு செய்கிறது.

தோண்டிப் பார்த்திருந்தால் மட்டும் போதுமா? ஜப்பானின் அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. கி.பி. 869இல் அந்நாட்டின் வடகிழக்குக் கரையை ஒரு பெரும் அலை தாக்கியதை ஜோகன் என்ற ஆட்சிக்காலப் பெயரால் பழைய அரசக் குறிப்புகள் பதிவுசெய்துள்ளன. செண்டாய் சமவெளியின் வயல்களைத் தோண்டிய நிலவியலாளர்கள் அந்த அலை விட்டுச்சென்ற மணலைக் கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே கண்டறிந்தனர். 2009இல், ஃபுகுஷிமா அணு உலைகளின் பாதுகாப்பை ஆராய்ந்த அரசுக் குழுவின் கூட்டத்தில் யுகிநொபு ஒகமுரா என்ற நிலவியலாளர் இந்த 869ஆம் ஆண்டு அலையை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உரிய கனம் தரப்படவில்லை. 2011 மார்ச் 11 அன்று அலை வந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அணு உலைகளுக்கு நேர்ந்ததை உலகமே அறியும். இங்கே மண் படிக்கப்பட்டிருந்தது, சபையில் வாசிக்கவும் பட்டிருந்தது, ஆனால் கேட்டவர்களின் காதில் அது ஒரு பழங்கதையாக மட்டுமே விழுந்திருக்கிறது.

இனி சிமலூ தீவுக்கு வருவோம். 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. வடமுனையில் உள்ள லாங்கி கிராமத்தை நடுக்கம் தொடங்கிய சுமார் எட்டு நிமிடங்களிலேயே அலை எட்டிவிட்டது என்று பின்னர் அங்கே சென்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீடுகள் அடியோடு போயின. எந்த எச்சரிக்கைக் கருவியாலும் எட்டு நிமிடத்தில் செய்தி அனுப்பி ஊரைக் காலி செய்திருக்க முடியாது. ஆனால் லாங்கியில் ஒருவரும் சாகவில்லை. சுமார் 78,000 பேர் வாழ்ந்த முழுத் தீவிலும் இறந்தவர்கள் ஏழு பேர்.

காரணம் ஒரு சொல். ஸ்மோங். 1907 ஜனவரியில் அந்தத் தீவில் பெரும் நடுக்கமும் அலையும் வந்து பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் அதைக் கதையாக்கித் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நஃபி-நஃபி என்று அவர்கள் அழைக்கும் வாய்மொழிக் கதைவடிவத்தில் அது தங்கிவிட்டது. கதையின் சாரம் மிக எளியது: நிலம் பலமாக ஆடி, அதன்பின் கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காதே, மலைக்கு ஓடு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ ஸ்மோங் என்று கத்தியிருக்கிறார்கள். பொருள் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு சொல்லுக்குள் நிகழ்வும் இருந்தது, செய்ய வேண்டிய செயலும் இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் சொல் நினைவுக்கு வந்தது. கடல்கோள். சுனாமி என்ற ஜப்பானியச் சொல் நம் பேச்சில் புழங்கத் தொடங்கியது 2004க்குப் பிறகுதான். ஆனால் கடல் நிலத்தைக் கொள்வதற்கான சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தி இருக்கிறது. மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொள்கிறது. இறையனார் களவியல் உரையில் முதற்சங்கமும் இடைச்சங்கமும் இருந்த ஊர்கள் கடல்கோளுக்கு இரையாகின்றன. உலகில் எத்தனை மொழிகளுக்கு இந்த நினைவு இருக்கும்?

இவ்வளவு இருந்தும், 2004 டிசம்பர் 26 காலையில் நம் கரையில் ஒருவர்கூட கடல்கோள் என்று கத்தி ஓடியதாக நான் படித்ததில்லை. அந்தச் சொல்லை நாம் வேறு ஒன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். இழந்த நிலத்தின் பரப்பை அளக்க, இழந்த நூல்களின் எண்ணிக்கையைச் சொல்ல, நமது தொன்மையை நிறுவ. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மேடைகளிலும் பாடநூல்களிலும் கடல்கோள் என்றால் ஒரு பெருமிதம். கடலடியில் அமிழ்ந்த கண்டம் ஒன்று இருந்ததற்கு நிலவியல் சான்று கிடையாது என்பதை ஒருபுறம் வைத்துவிடுவோம். அந்தப் பாடல்களுக்குப் பின்னால் உண்மையான கடல் சீற்றம் ஏதேனும் இருந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். என் குறை வேறு. கடல் ஒருமுறை கொண்டதென்றால் மறுமுறையும் கொள்ளும் அல்லவா, அப்போது நாம் என்ன செய்வது என்ற மிக எளிய கேள்வியை அந்தச் சொல்லிடம் நாம் கேட்கவில்லை. அது எப்போதும் இறந்தகாலத்திலேயே இருந்தது. சிமலூ மக்களுக்கு இலக்கியப் பெருமிதம் ஏதுமில்லாத ஒரு சிறு சொல் இருந்தது. அது அவர்களிடம் ஏவல் வினையாக இருந்தது.

நமக்கு இலக்கியம் மட்டுமல்ல, ஆவணமும் இருந்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஒரு பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதில் எழுந்த அலைகள் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து, சென்னை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களின் ஓதமானிகளில் பதிவாகியிருக்கின்றன. அலை சிறியது, சேதம் இல்லை. ஆனால் அந்தமான் நிக்கோபார் பக்கம் கடலடி அசைந்தால் அது நாகப்பட்டினம் வரை வரும் என்பதற்கு அது கையெழுத்திட்ட சான்று. அந்தப் பழைய பதிவுகளை எடுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2003இல், அதாவது பேரழிவுக்கு முந்தைய ஆண்டில், ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. அன்றைய இந்திய நேரப்படி காலை 6.28க்கு நடுக்கம். நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. சிமலூவுக்குக் கிடைத்தது எட்டு நிமிடம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. மக்கள் நினைவே போதும், நிலவியலாளர் எதற்கு என்று கேட்கலாம். வாய்மொழி மரபைக் கொண்டாடும் மனநிலை நம்மிடையே இப்போது அதிகம் என்பதால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஸ்மோங் பிழைத்தது 97 ஆண்டுகள். 1907ஐக் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உயிரோடு இருந்த காலம் அது. பாண்டா ஆச்சே நகருக்கு அருகே கடலோரக் குகை ஒன்றில் நிலவியலாளர்கள் வேறொரு பதிவைக் கண்டெடுத்தார்கள். சுனாமி அலை குகைக்குள் கொண்டுவந்து போட்ட மணல், அதன் மேல் வௌவால் எச்சம், மறுபடியும் மணல், மறுபடியும் எச்சம். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, 7,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலத்தில் குறைந்தது பதினொரு சுனாமிகள் அங்கே வந்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் சில. இன்னொரு கட்டத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஒன்றுமில்லை. இரண்டாயிரம் ஆண்டு அமைதியைத் தாண்டி எந்தப் பாட்டியின் கதையும் வந்து சேராது. வௌவால் எச்சம் வந்து சேர்கிறது.

இரண்டாவது, மக்கள் நினைவு ஓர் அனுபவத்தை விதியாக்கிவிடுகிறது. பலமாக ஆடினால் ஓடு என்பது 1907இன் விதி. 2010 அக்டோபர் 25 அன்று மென்தாவாய்த் தீவுகளில் வந்த நடுக்கம் மென்மையாக, ஆனால் நீண்ட நேரம் ஆடியது. கடலடிப் பிளவின் மேல்நுனிப் பகுதி மெதுவாக நழுவினால் இப்படி ஆகும். நிலம் குறைவாக ஆடும், கடல் அதிகமாக எழும். இது பெரிய நடுக்கம் இல்லை என்று எண்ணிய பலர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே விதியைத் திருத்த வேண்டியிருந்தது: பலமாக ஆடினாலும் ஓடு, நெடுநேரம் ஆடினாலும் ஓடு. அத்தகைய திருத்தத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் நிலவியலாளர்கள். அதைக் கதையாகவும் சொல்லாகவும் வாழவைக்கத் தெரிந்தவர்கள் வேறு. ஒருவர் இல்லாமல் மற்றவர் பாதிதான்.

நமது கரைக்கு ஸ்மோங்கை அப்படியே கடன் வாங்கவும் முடியாது. 2004இல் சென்னையில் சிலர் லேசான அதிர்வை உணர்ந்தார்கள். பெரும்பாலான கடலோர ஊர்களில் ஓட வைக்கும் அளவுக்கு எதுவும் ஆடவில்லை. கடல் பின்வாங்குவதும் எல்லா இடத்திலும் முதலில் நடக்கும் என்று சொல்ல முடியாது. சில கரைகளில் அலையே முதலில் வரும். எனவே தொலைவில் உள்ள நமக்குக் கருவிகள் கட்டாயம் தேவை. ஹைதராபாதில் 2007 முதல் இயங்கிவரும் சுனாமி எச்சரிக்கை மையம் அதற்காகவே ஏற்பட்டது. ஆனால் மையத்திலிருந்து எச்சரிக்கை கிளம்பிய பின் நடக்க வேண்டியது முழுவதும் மனிதர்களிடம் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நடுக்கம் வந்து, தமிழகக் கரையிலும் எச்சரிக்கை விடப்பட்டது. பெரிய அலை எதுவும் வரவில்லை. அன்று கடலடி மேல்கீழாக எழாமல் பக்கவாட்டில் நழுவியதே காரணம். இதை விளக்கிச் சொல்லாவிட்டால், போன முறை ஓடினோம், ஒன்றும் வரவில்லை என்பதே ஊரின் நினைவில் நிற்கும். அடுத்த முறை அந்த நினைவே ஆளைக் கொல்லும்.

ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்னும் இரண்டு கரையோரக் குடியிருப்புகள் 2020இல் சுனாமிக்கு ஆயத்தமானவை என்ற யுனெஸ்கோ அங்கீகாரத்தைப் பெற்றன. எந்தப் பாதையில் ஓடுவது, யார் யாரைக் கூட்டிச்செல்வது என்று ஊரே ஒத்திகை பார்த்து வைத்திருப்பதற்கான அங்கீகாரம். 2004இல் ஒடிசா நம்மளவுக்கு இழக்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். நிலவியலாளரின் களப்பணியை நாம் இரண்டு விதங்களில் அவமதிக்கிறோம். நாள் குறித்துத் தரவில்லையே என்று சோதிடரிடம் எதிர்பார்ப்பதை அவரிடம் எதிர்பார்ப்பது ஒன்று. அவர் சொன்னதை ஆங்கில ஆய்விதழின் பக்கங்களிலேயே தங்கவிட்டுவிடுவது மற்றொன்று. முதலாவதைக் காலம் திருத்தக்கூடும். இரண்டாவதைத் திருத்த வேண்டியவர்கள் மொழியில் வேலை செய்பவர்கள். பவளம் எப்படித் தொப்பியாகிறது, வயலுக்கு அடியில் மணல் எப்படி வந்தது, மண்ணடுக்கு எங்கே முறிகிறது என்பனவற்றைத் தமிழில், ஒரு பத்தாம் வகுப்பு மாணவிக்குப் புரியும்படி எழுதிய நூல்கள் நம்மிடம் எத்தனை? பத்து விரல்களும் தேவைப்படும் என்று நினைக்கவில்லை. 2004ஐப் பற்றி நாம் எழுதிய கவிதைகளிலும் கதைகளிலும் பெரும்பாலானவை இரங்கற்பாக்கள். இரங்குவது வேண்டியதே. ஆனால் சிமலூவின் கிழவர்கள் இரங்கியதோடு நிறுத்தவில்லை.

இதை எழுதும் இந்நாள்வரை மென்தாவாயின் பெரும் பூட்டு முழுவதுமாக விடுபடவில்லை. 2007இல் ஒரு பகுதி நழுவியது. 2009இல் பாதாங் நகரை நொறுக்கிய நடுக்கமும் வேறோர் ஆழத்தில் நிகழ்ந்தது. கெர்ரி ஸீயும் டானி நடவிஜயாவும் பவளத்தில் படித்தது இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்தத் தீவுகளில் பிள்ளைகளுக்கு இப்போது பள்ளியில் ஓடிப் பழக்குகிறார்கள். நம் கரையில் 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் சொல்லிக் கேட்ட கதை. நாம் அதை என்ன கதையாகச் சொல்லித் தருகிறோம் என்பதை யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று மட்டும் எந்த நிலவியலாளராலும் சொல்ல முடியாது.